ஒக்கலிபுரத்துக்கு ஒரு தொண்டர்

பெஞ்சு கட்சி ஆபீஸ் வாசலை அடைத்துக்கொண்டு கிடந்தது. பொதுஜன சேவா கட்சியின் ஒக்கலிபுரம் கமிட்டி மொத்தமும் அதைச் சுற்றி நின்றுகொண்டிருந்தது. ஒருவரும் அதைத் தொடவில்லை.

"யாராவது ஒரு கை கொடுங்களேன்" என்றார் கமிட்டித் தலைவர் வைத்தீஸ்வரன்.

"கொடுக்கலாம், ஆனா பெஞ்ச் என் டிபார்ட்மெண்ட் இல்லே மேன்" என்றார் டென்சில். ரயில்வேயில் கார்டாக இருந்து ரிடையர் ஆனவர்; கமிட்டியில் கோஷத் தலைவர். "சேர் தலைவரைக் கேளுங்க."

நாற்காலித் தலைவர் சீனிவாசராகவன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பெஞ்சு நாற்காலியில சேருமாங்கறதே சந்தேகம். சேர்ந்தாலும் எங்கே போடணும்னு சொல்றதுதான் தலைவர் வேலை. தூக்கறது தொண்டர் வேலை."

"சரி, தொண்டரைக் கூப்பிடுங்கோ."

எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கமிட்டி ஆரம்பித்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. அதில் ஒரு தொண்டர் கூட இல்லை என்பது அன்றுதான் வைத்தீஸ்வரனுக்கு உறைத்தது.

தப்பு அவர் மேல்தான். கட்சியில் சேரச் சொல்லி வீடு வீடாக ஏறி இறங்கியபோது, "சேர்ந்தா எனக்கு என்ன சார்?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒரு பதவியைக் கொடுத்துவிட்டார். மைக் தலைவர், தோரணத் தலைவர், சோடாத் தலைவர் என்று கமிட்டி செழித்து வளர்ந்தது. ஊர்வலம் என்று கிளம்பினால் எல்லோரும் முன்வரிசையில் நடந்தார்கள். பின்வரிசை என்று ஒன்று இல்லவே இல்லை.

சாதாரண நாளாக இருந்தால் பெஞ்சைச் சுற்றிக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆண்டு நிறைவுக் கூட்டம். மாநிலத் தலைவர் அனந்தபத்மநாபன் நேரில் வருகிறார். ஒவ்வொரு கமிட்டியும் தன் சிறந்த தொண்டர் ஒருவரை மேடையில் நிறுத்த வேண்டும். அவருக்கு மாலையும் பரிசும் உண்டு. தொண்டர் இல்லாத கமிட்டியை அடுகோடிக் கமிட்டியோடு சேர்த்துவிடுவார்களாம். ஒக்கலிபுரம் எங்கே, அடுகோடி எங்கே? நடுவில் பாதி பெங்களூரே இருக்கிறது. தலைமையில் யாரும் ஊர் வரைபடத்தைப் பார்த்ததாகத் தெரியவில்லை.

கமிட்டி போனால் வைத்தீஸ்வரனுக்குப் பதவி மட்டும் போகாது. அடுத்த கார்ப்பரேஷன் தேர்தலில் கமிட்டித் தலைவர்தான் வேட்பாளர் என்பது கட்சியின் வழக்கம். அவர் தாத்தா திவான் கச்சேரியில் இருந்தவர். இவர் ஓர் ஆடிட்டர் ஆபீசில் தலைமை குமாஸ்தா. நாற்காலி ஆசை அவருக்குப் பெரிதாக இல்லை. அவர் குடியிருந்த சந்தில் முப்பது குடும்பங்களுக்கு ஒரே ஒரு குழாய். அவர் மனைவி ருக்மிணி விடியும் முன்பே போய்க் குடத்தை வரிசையில் வைத்து, இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாக நடந்து வருவதைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு மனசு சுருங்கும். கார்ப்பரேஷனுக்குள் நுழைந்து இன்னொரு குழாய் வாங்கிவிடுவது என்று சபதம் எடுத்துத்தான் இந்தக் கமிட்டியையே தொடங்கினார். கமிட்டி போனால் குழாயும் போச்சு.

"ஒரே ஒரு நாள்" என்று கெஞ்சினார். "ஞாயிற்றுக்கிழமை மட்டும் யாராவது ஒருத்தர் தொண்டரா நில்லுங்கோ."

"ஆகாது சார்" என்றார் டென்சில். "என் பெண்ணு கல்யாணப் பத்திரிகையிலயே 'லீடர்'னு போட்டுட்டேன். சம்பந்தி என்ன நினைப்பார்?"

"பேருக்குத்தானே?"

"பேருக்குத்தான் சார் இந்தக் கட்சியிலேயே இருக்கேன்."

அந்த நேரம் தெருவில் போய்க்கொண்டிருந்த ஓர் ஆள் எட்டிப் பார்த்தான். கோலார் தங்கவயலிலிருந்து வேலை தேடி வந்து, சந்துக் கோடியில் அக்கா வீட்டில் தங்கியிருந்த ஜெயவேலு. சுரங்கத்தில் கல் புரட்டிய தோள்.

"இன்னா சார், இதுக்கா இத்தினி பேரு?" என்றவன் பெஞ்சை அலாக்காகத் தூக்கி உள்ளே கொண்டுபோய்ப் போட்டான்.

வைத்தீஸ்வரன் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, எங்க கட்சியில தொண்டரா சேர்றியா?"

"வேல கெடைக்கிற வரைக்கும் சும்மாத்தானே சார் இருக்கேன். சேர்ந்துக்கறேன்."

பதவி என்ன என்று அவன் கேட்கவே இல்லை. அந்த ஒரு காரணத்துக்காகவே வைத்தீஸ்வரனுக்குக் கண் கலங்கியது.

ஜெயவேலு வந்ததும் கமிட்டிக்கு உயிர் வந்தது. பந்தலுக்குக் குழி தோண்டினான், கம்பம் நட்டான், தோரணம் கட்டினான். ஒரு வருஷமாக யாரும் தொடாத கட்சி போர்டைக் கழுவி மாட்டினான். இத்தனை நாளும் கட்டளை இருந்தும் அதைக் கேட்க ஆளில்லாமல் தவித்த தலைவர்கள் அவனைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"ஜெயவேலு, அந்த நாற்காலியை இங்கே போடு. வேண்டாம், அங்கே போடு" என்று சீனிவாசராகவன் ஒரே நாற்காலியை ஒரு காலைப்பொழுது பூராவும் நகர்த்த வைத்தார். தலைவராக இருப்பதன் சுகத்தை அவர் அன்றுதான் அனுபவித்தார்.

"அவன் என் தொண்டன் மேன், கோஷம் போட்டுப் பார்க்கணும்" என்று டென்சில் இழுத்தார்.

"அவன் முதல்ல தூக்கினது பெஞ்சு. அதனால நாற்காலிப் பிரிவுக்குத்தான் சொந்தம்."

"அன்னைக்கு பெஞ்ச் நாற்காலியில சேராதுன்னீங்களே!"

சண்டை முற்றிக்கொண்டிருக்கும்போதே ஒரு செய்தி வந்தது. ஒக்கலிபுரத்தில் உயிரோடு ஒரு தொண்டர் இருக்கிறார் என்று அடுகோடிக் கமிட்டிக்குத் தெரிந்துவிட்டதாம். ஆள் அனுப்பி, இணைச் செயலாளர் பதவி தருகிறோம், எங்களிடம் வந்துவிடு என்று ஜெயவேலுவைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

கமிட்டி அவசரமாகக் கூடியது. எல்லோருக்கும் ஒரே பதற்றம்.

"அவாள் இணைச் செயலாளர்னா, நாம அதைவிடப் பெரிசா கொடுப்போம்!" என்று மேஜையைத் தட்டினார் வைத்தீஸ்வரன். "ஜெயவேலுவைத் தொண்டர் படைத் தலைவராக்கறோம்!"

கைதட்டல் கூரையைப் பிளந்தது. ஜெயவேலுவின் சட்டையில் தலைவர் பட்டை குத்தினார்கள். அடுகோடியின் சூழ்ச்சியை முறியடித்துவிட்ட திருப்தியில் வைத்தீஸ்வரன் வீட்டுக்குப் போய் இரண்டு முறை ரசம் விட்டுக்கொண்டு சாப்பிட்டார்.

மறுநாள் காலை பந்தலில் ஒரு கம்பம் சாய்ந்திருந்தது.

"ஜெயவேலு, அதைக் கொஞ்சம் நிமிர்த்திடு."

ஜெயவேலு பட்டையைத் தடவிக்கொண்டான். "ஆளை இட்டாரச் சொல்லுங்க சார். எங்க நிமுத்தணும்னு காட்றேன்."

வைத்தீஸ்வரன் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். இருந்த ஒரு தொண்டரையும் தன் வாயாலேயே தலைவராக்கியாகிவிட்டது. பட்டையைத் திரும்பக் கேட்டால் அவன் நேரே அடுகோடிக்குப் போய்விடுவான்.

வீட்டுக்கு வந்தார். ருக்மிணி குடத்தை இறக்கிவைத்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

"ருக்கு, ஒரு உபகாரம் பண்ணணும். நாளன்னைக்கு ஒரு நாள் நீ எங்க கட்சித் தொண்டரா..."

"முடியாதுன்னா."

"ஏன்?"

"நான் மகளிர் அணித் தலைவி. போன மாசமே சீனிவாசராகவன் மாமா ஆத்துக்கு வந்து கொடுத்துட்டுப் போனார். உங்ககிட்டச் சொல்லலையா?"

"அணியில வேற யாரு?"

"அவர் ஆத்து மாமி. அவா உபதலைவி."

ருக்மிணி சிரிப்பை அடக்கிக்கொண்டு, "ஏன்னா, எல்லாரையும் கேட்டேளே, உங்களைக் கேட்டேளா?" என்றாள்.

அவருக்குச் சுருக்கென்றது. ஒருவருக்கு ஒரே பொறுப்பு என்பது கட்சியின் விதி. அவர் தொண்டரானால் தலைவர் இல்லை. தலைவர் இல்லையென்றால் வேட்பாளரும் இல்லை. ஆனால் கமிட்டி பிழைக்கும். கமிட்டி பிழைத்தால் யாரோ ஒருவர் தேர்தலில் நிற்பார், குழாய் வரலாம். குழாய்க்குத் தண்ணீர்தான் வேண்டும், வைத்தீஸ்வரன் பெயர் வேண்டியதில்லை. முடிவு செய்துவிட்டார். ஒரு முடிவு எடுத்தால் அதிலிருந்து நகராத குணம் அவருக்கு. ஆடிட்டர் ஆபீசில் அதற்குப் பிடிவாதம் என்று பெயர்.

ஞாயிற்றுக்கிழமை காலை தன் தலைவர் பட்டையைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். கம்பத்தை நிமிர்த்தினார், நாற்காலி போட்டார், ருக்மிணியிடமிருந்து குடத்தை வாங்கித் தண்ணீர் சுமந்து பானையை நிரப்பினார். சுற்றிலும் தலைவர்கள் நின்று யோசனை சொன்னார்கள்.

"இடது பக்கம் கொஞ்சம், சார்... சாரி, வைத்தீஸ்வரன்" என்றார் சீனிவாசராகவன். பழகிய மரியாதை போக ஒரு நிமிஷம்தான் பிடித்தது.

கூட்டம் தொடங்கியது. மாநிலத் தலைவர் அனந்தபத்மநாபன் சந்தன நிறக் கோட்டும் சரிகைத் தலைப்பாகையுமாக மேடையேறினார். கூடவே காரில் வந்த மூன்று பேரும் ஏறினார்கள். ஒவ்வொரு தலைவராக எழுந்து கடந்த ஆண்டைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"இந்த வருஷத்தில் நாற்காலித் துறை கண்ட வளர்ச்சி..." என்று சீனிவாசராகவன் ஆரம்பித்துப் பாதி ஜனத்தைத் தூங்கவைத்தார். டென்சில் வருஷம் முழுவதும் போட்ட கோஷங்களை மறுபடி போட்டுக் காட்டி அவர்களை எழுப்பினார். ஜெயவேலு மைக்கைப் பிடித்து, "நான் வந்து ஒரு வாரந்தான் ஆவுது. ஆனா இந்த ஒரு வருசத்தில நாம பட்ட பாடு..." என்று தொடங்கியபோது வைத்தீஸ்வரனுக்கே மெய்சிலிர்த்தது. பையன் தேறிவிடுவான் என்று தோன்றியது.

"சரி" என்றார் அனந்தபத்மநாபன், மற்ற எதையும் காதில் வாங்காதவர் போல. "உங்கள் தொண்டர் எங்கே?"

தண்ணீர்ப் பானை அருகே நின்ற வைத்தீஸ்வரனை மேடையில் ஏற்றினார்கள். அனந்தபத்மநாபன் அவரை மேலும் கீழும் பார்த்தார். தோளை அழுத்திப் பார்த்தார். "நிஜமாகவே தொண்டர்தானா? வேறு பதவி ஒன்றும் இல்லையே?"

"இல்லை, ஐயா. இன்னைக்குக் காலையிலேர்ந்து இல்லை."

அனந்தபத்மநாபன் முகம் மலர்ந்தது. மாலையைப் போட்டு இறுகக் கட்டிக்கொண்டார். ஒக்கலிபுரம் கமிட்டி தனியாகவே இயங்கும் என்று அங்கேயே அறிவித்தார். காலியான தலைவர் பதவிக்கு, ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுக்க மனமில்லாததால், எல்லோருக்கும் புதியவனான ஜெயவேலுவை ஏகமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள்.

மேடையை விட்டு இறங்கியதும் வைத்தீஸ்வரன் அவனைத் தனியே அழைத்தார். "தேர்தல்ல நீதான் நிக்கப்போறே. எனக்கு ஒரே ஒரு வாக்குக் கொடு. சந்துக்கு இன்னொரு குழாய்."

"எங்க அக்காவும் அங்கதான் சார் தண்ணி புடிக்குது" என்றான் ஜெயவேலு. "குழாய் வரலன்னா என்னை ஊட்ல சேக்கவே சேக்காது."

வைத்தீஸ்வரனுக்கு அது போதுமாக இருந்தது. மாலையோடு நின்ற அவரை ருக்மிணி கூட்டத்துக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் அப்படிப் பார்த்ததாக அவருக்கு நினைவில்லை.

அனந்தபத்மநாபன் அவர் தோளில் கை போட்டார். "பரிசு என்ன என்று நீங்கள் கேட்கவில்லையே? இங்கிருந்து அத்திபெலே போகிறோம். பிறகு கோலார், தும்கூர், மைசூர். மாநிலம் முழுக்கச் சுற்றுப்பயணம். நீங்களும் என்னோடு வருகிறீர்கள். உங்களைப் போன்ற ஒருவர் என் பக்கத்தில் இல்லாமல் இனி இந்தக் கட்சி ஓர் அடிகூட நகராது."

வைத்தீஸ்வரன் நிமிர்ந்து நின்றார். கமிட்டித் தலைவர் பதவி போனால் என்ன? மாநிலத் தலைவருக்குப் பக்கத்தில் இடம்! அங்கிருந்து ஒரு வார்த்தை சொன்னால் ஒரு குழாய் என்ன, ஒன்பது குழாய் வரும். இரண்டு வாரம் லீவுக்கு ஆடிட்டரிடம் என்ன சொல்வது என்று மனசுக்குள் கணக்குப் போட்டார். ருக்மிணி ஓடிப்போய் இரண்டு வேட்டியும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு வந்தாள். டென்சில் கோஷம் போட்டார். ஜனங்கள் விலகி வழிவிட்டார்கள்.

சந்து முனையில் பெரிய கறுப்புக் கார் நின்றது. அனந்தபத்மநாபனும் மற்ற மூவரும் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார்கள். உள்ளே இன்னும் ஒருவர் தாராளமாக உட்கார இடம் இருந்தது. வைத்தீஸ்வரன் மாலையைச் சரிசெய்துகொண்டு, தலையைக் குனிந்து, கதவின் பிடியில் கை வைத்தார்.

டிரைவர் தாஸ் ஜன்னல் வழியே தலையை நீட்டினான். அவன் சட்டையிலும் ஒரு பட்டை மின்னியது.

"இங்க இல்ல சார், பின்னாடி போய் நல்லா அழுத்தித் தள்ளுங்க, போன மாசம் வரைக்கும் நான்தான் தள்ளிக்கினு இருந்தேன், என்னியும் டிரைவர் அணித் தலைவராக்கிட்டாங்க, அதுக்கப்புறந்தான் ஐயாவுக்கு இந்தச் சிறந்த தொண்டர் பரிசு யோசனையே வந்துச்சு."