கண்ணாடிப் பெட்டிக்குள் என் டிபன் டப்பா

அன்புள்ள தைலம்மாள் அத்தைக்கு,

செஞ்சியிலிருந்து மங்கை எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். உங்கள் முட்டிவலியும் மாமாவின் கோபமும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். நான் பயந்த இடங்களையும் விடமாட்டேன்.

இன்று எங்கள் வகுப்பை பஸ் ஸ்டாண்டு பக்கத்து மண்டபத்துக்கு அழைத்துப் போனார்கள். உள்நாட்டு பயங்கரவாதத்தின் வரலாறு பற்றி ஒரு அருங்காட்சியகம் ஊர் ஊராக நடத்தும் கண்காட்சி. ஓர் அட்டைகூட விடாமல் படித்தேன். கடைசிக் கண்ணாடிப் பெட்டியில் ஓர் எவர்சில்வர் டப்பா. மூடியில் ‘மங்கை’ என்று பெயர் வெட்டியிருந்தது, என் காதுகுத்துக்கு நீங்கள் பெயர் வெட்டிக் கொடுத்த டப்பா மாதிரியே, பக்கத்தில் சின்னப் பூவோடு. ‘குண்டு வெடித்த பேருந்தில் கிடைத்தது. முப்பது ஆண்டுகளாக யாரும் கேட்டு வரவில்லை’ என்று அட்டை சொன்னது. டப்பாவில் ஒரு கீறல்கூட இல்லை. என் வகுப்புத் தோழி தமிழினி என்னைக் கிள்ளி, “உசுரோடதான் இருக்கியாடி?” என்றாள். நான் சிரிக்கவில்லை, அவளும் சிரிக்கவில்லை.

அதற்குள், என் டிபன் டப்பாவோடு வாசலில் நான் வைத்திருந்த பையை வாட்ச்மேன் அரிகிருஷ்ணன் அண்ணன் பார்த்துவிட்டார். ‘கேட்பாரற்ற பையைத் தொடாதீர்கள்’ என்ற பலகைக்குக் கீழேயே பத்து நாளாக உட்கார்ந்திருப்பவர். தொடாமல், கொம்பால் தூக்கி பக்கெட் தண்ணீரில் முக்கிவிட்டார். பிறகு என் டப்பாவில் பெயரைப் பார்த்து, காட்சிப் பொருளை யாரோ திருடிவிட்டார்கள் என்று பதறி, துடைத்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார். வைத்த பிறகுதான் உள்ளே இரண்டு இருப்பது தெரிந்தது, எது எதென்று அவருக்கே தெரியவில்லை.

“எது பாப்பா உன்து?”

“சாதம் இருக்கிறதுதாண்ணா. குலுக்கிப் பாருங்க.”

ஒன்றைக் குலுக்கினார், சாதம் ஆடியது. மற்றதையும் குலுக்கினார். அதுவும் ஆடியது.

“தொறந்து பார்க்கலாமேண்ணா.”

“காட்சிப் பொருள தொறந்தா என் வேல போய்டும். எது காட்சிப் பொருள்னு நீ சொல்லு, அத்த மட்டும் தொறக்காம இருக்கிறேன்.”

கடைசியில் ஒன்றை என் கையில் கொடுத்து, “வாங்கிக் குடுத்தவங்க எழுதித் தரணும். இல்லன்னா நீதான் தூக்கினு போனன்னு ஸ்கூல்ல சொல்லிடுவேன்” என்றார். அதனால், ‘இது என் மருமகளின் டப்பாதான்’ என்று ஒரு வரி எழுதி உடனே அனுப்புங்கள். என்னைத் திருடி என்று சொல்லிவிடுவார்கள், அத்தை.

மாமாவுக்கு என் வணக்கம். டப்பா திரும்பக் கிடைத்த நிம்மதியோடு,

மங்கை

பின்குறிப்பு: அந்த வரியை எழுதாதீர்கள். அம்மா இப்போதுதான் டப்பாவைத் திறந்தாள். காலையில் எனக்குக் கட்டியது எலுமிச்சை சாதம். இதில் புளி சாதம் இருந்தது, சூடாக. அந்த மங்கையைத் தேடி யாராவது வந்தால் என்னுடையதை அல்லவா காட்டுவார்கள் என்று நைனாவோடு மண்டபத்துக்கு ஓடினேன். பூட்டியிருந்தது. ஜன்னல் வழியே என் டப்பா தெரிந்தது. மூடி கழற்றி வைத்திருந்தது, பாதிச் சாதத்தைக் காணோம். அரிகிருஷ்ணன் அண்ணன் எங்கள் பக்கத்தில் நின்று சாவியைத் தேடிக்கொண்டிருந்தார். அப்போது உள்ளே யாரோ விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.