பெட்டிக்கு ஓர் இடம்

“கட்டிலுக்கு அடியிலயா? அப்ப நீங்க கட்டில்ல படுத்துக்கங்க. நான் வாசல்ல படுத்துக்கறேன்” என்றாள் மனைவி.

சோடாபுட்டி பெட்டியை மறுபடி வெளியே இழுத்தார். தடித்த பலகையில் அறை அறையாகத் தடுத்து, உள்ளே ஓர் இரும்பு ஆணிகூடத் தலைகாட்டாமல் தச்சர் செய்துகொடுத்த பெட்டி. தூக்கினால் இடுப்பு கழன்றுவிடும்.

அவருக்குக் கண்ணாடிக் கடை. ஊரில் பாதிப் பேருக்குப் பார்வை ஒழுங்காக இருப்பது அவர் புண்ணியம். ஆனால் வாராவாரம் துப்பாக்கி சுடும் கிளப்புக்குப் போய், குழாய்க்குள் கரிமருந்தைக் கொட்டி இடித்துச் சுடுகிற பழைய காலத் துப்பாக்கியைத் தூக்கினால், இலக்கைத் தவிர மற்றதெல்லாம் நடுங்கும். சோடாபுட்டி என்ற பெயர் அங்கே வைத்ததுதான். அது வீடு வரைக்கும் வந்து ஒட்டிக்கொண்டது.

இதுவரை பக்கத்தில் நிற்பவர்களிடம் பல்லை இளித்து மருந்து வாங்கி ஒப்பேற்றிவந்தார். போன வாரம் கிளப் செயலாளர் கறாராகச் சொல்லிவிட்டார்.

“மருந்து வாங்க சொந்த லைசன்ஸ் இல்லாதவங்க இனிமே பெஞ்சுல உக்காந்து வேடிக்கை பாக்கலாம்.”

லைசன்ஸ் வேண்டுமானால், மருந்து வைக்கப் பெட்டியும், வீட்டில் அதற்குப் பத்திரமான இடமும் காட்ட வேண்டும். அதைப் பார்க்க அதிகாரி இன்று மத்தியானம் வருகிறார்.

“மாடிப்படிக்குக் கீழே வைக்கிறேன்” என்றார்.

“வீடு பத்திக்கிட்டா எல்லாரும் இறங்கி ஓடற வழி அதுதானே?”

“சரி, சமையலறைப் பரண்?”

“கீழ அடுப்பு எரியும்.”

“ஹால் அலமாரி?”

“பின்னாடி மின்சார ஒயர் ஓடுது. பாக்கலையா?”

சோடாபுட்டிக்கு எரிச்சலாக வந்தது. அதிகாரி கேட்கவேண்டிய கேள்வியெல்லாம் இவளே கேட்கிறாள். இருபது வருஷம் புருஷனிடம் குற்றம் கண்டுபிடித்தவளுக்குச் சட்டப் புத்தகம் எதற்கு என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

மிச்சமிருந்தது பின்பக்கத்துக் கொட்டகை. ஈரமில்லை, பூட்டு இருக்கிறது, வீட்டைவிட்டுத் தள்ளியும் இருக்கிறது. பெட்டியைத் தரதரவென்று இழுத்துப் போய்க் கதவைத் திறந்தார். உள்ளே புகை மண்டலம். நடுவில் மாமனார், சிகரெட்டும் கையுமாக.

“மாமா, இனிமே இங்க பிடிக்கக் கூடாது.”

“வீட்டுக்குள்ள பிடிச்சா என் பொண்ணு திட்டறா. இங்க பிடிச்சா நீங்க. நான் எங்கதான் மாப்பிள்ளை போறது?”

“எங்க வேணா போங்க மாமா. தீப்பெட்டி மட்டும் இங்க வேண்டாம்.”

மாமனாருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. நாற்காலியைத் தூக்கிக்கொண்டு தெருவாசலில் போய் உட்கார்ந்தார். போகிறவர் வருகிறவர் எல்லாரிடமும் முறையிட்டார்.

“உள்ள வெடிமருந்து வைக்கணுமாம். அதுக்காகப் பெத்த அப்பனுக்குச் சமமான மனுஷனை வெளியே தள்ளிட்டாங்க.”

கொட்டகையில் புல் வெட்டும் மெஷினுக்கான பெட்ரோல் டப்பா இருந்தது. அதுவும் மருந்தும் ஒரே இடத்தில் இருந்தால் அதிகாரி வாசலோடு திரும்பிவிடுவார். சோடாபுட்டி அதை எடுத்துப்போய்ச் சமையலறையில் வைத்தார்.

“என்னங்க, அடுப்புப் பக்கத்துல பெட்ரோலா? இதுக்கு அந்த மருந்தே தேவலாம்.”

டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடினார். எங்கே வைப்பது என்று தெரியாமல் தெருவாசலில், கண்ணில் பட்ட நாற்காலிக்குக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினார். நாற்காலியில் யார் இருக்கிறார், அவர் விரலிடுக்கில் என்ன இருக்கிறது என்பது அவசரத்தில் உறைக்கவில்லை.

எதிர்வீட்டு டீச்சருக்கு உறைத்தது. வெடிமருந்து என்று காதில் விழுந்ததையும், பெட்ரோலும் சிகரெட்டும் கண்ணில் பட்டதையும் சேர்த்துக் கூட்டி, தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டார்.

வண்டி மணியடித்துக்கொண்டு வந்தது. வந்த வேகத்தில் ஒருவர் டப்பாவைத் தூக்கினார். இன்னொருவர் குழாயைத் திருப்பினார். மாமனார் உட்கார்ந்தபடியே முழுக்கக் குளித்தார். சிகரெட் மட்டும் உதட்டில் தொங்கியது, துவண்டு போய்.

“மருந்து எங்க?” என்று கேட்டுக்கொண்டே குழாயோடு கொட்டகைக்கு ஓடினார்கள்.

சோடாபுட்டி குறுக்கே பாய்ந்து பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். “அடிச்சிடாதீங்க. இது காலிப் பெட்டிங்க. லைசன்ஸ் வந்தாத்தான் மருந்தே வாங்க முடியும்.”

“காலிப் பெட்டிக்கா இவ்வளவு கூத்து?”

“அதைத்தான் நானும் பாத்துக்கிட்டிருக்கேன்” என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. அதிகாரி வந்து நின்றிருந்தார். ஒல்லியான மனிதர். சட்டையில் ஒரு சொட்டு நீர் படாமல் ஓரமாக ஒதுங்கியிருந்தார்.

சோடாபுட்டிக்கு உயிர் போய் வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் பெஞ்சில் உட்கார்ந்து கைதட்டும் தன் எதிர்காலம் கண்முன் ஓடியது.

அதிகாரி பெட்டியைத் திறந்தார், பலகையைத் தட்டினார், மூலைகளை விரலால் தடவினார். கொட்டகைப் பூட்டை இழுத்துப் பார்த்தார். சொட்டச் சொட்டப் பின்னால் வந்து நின்ற மாமனாரை உலர்ந்த இடத்துக்கு நகர்ந்து நிற்கச் சொன்னார்.

“பெட்டி நல்லா இருக்கு. இடமும் நல்லா இருக்கு” என்றார்.

சோடாபுட்டியின் முகம் மலர்ந்தது. மனைவியைப் பெருமையாகத் திரும்பிப் பார்த்தார். அவள் ஏனோ துண்டை எடுத்து அப்பாவின் தலையைத் துவட்டுவதில் மும்முரமாக இருந்தாள்.

“ஆனா லைசன்ஸ் குடுக்க முடியாதுங்க” என்றார் அதிகாரி.

“ஏன் சார்? இந்தத் தண்ணிக் கூத்துக்காகவா?”

“அதுக்கில்ல. ஒரு வீட்டுக்கு இவ்வளவு மருந்துன்னு கணக்கு இருக்கு. இந்த வீட்டுக்கு உண்டானது முழுசா வாங்கியாச்சு.”

“என்ன சார் சொல்றீங்க? நான் ஒரு சிட்டிகைகூட வாங்கலையே.”

“நீங்க வாங்கலைங்க” என்றார் அதிகாரி, பேனாவை மூடிக்கொண்டே. “ஆத்துக்கு அந்தப்பக்கம் இருக்கற சுடும் கிளப்புல வருஷா வருஷம் முதல் பரிசு வாங்கற உங்க வீட்டம்மா வாங்கியிருக்காங்க.”