நங்கூரச் சின்னத்தின் விமான நிலையப் பிரசாரம்

2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஆறாம் நாள், திங்கட்கிழமை. வானம் தெளிவாக இருந்தது. தென்கிழக்குக் காற்று மிதமாக வீசியது. வெட்டுக்கு முன் கொளுத்திய கரும்புத் தோட்டங்களின் கரிச்சாம்பல், கட்சி வேறுபாடு பாராமல், எல்லோருடைய வெள்ளைச் சட்டையிலும் விழுந்துகொண்டிருந்தது. இத்தகைய மங்களகரமான காலநிலையில்தான், மனிதகுலம் இதுவரை கண்டறிந்த ஆட்சிமுறைகளுள் ஆகச் சிறந்ததாகிய ஜனநாயகம், சபேட்டோ பள்ளத்தாக்கில், பாலசுப்பிரமணியின் டிராக்டர் கொட்டகையில் மறுபடியும் தொடங்கி வைக்கப்பட்டது.

மறுபடியும் என்பதற்குக் காரணம் உண்டு. ஃபிஜியில் தேர்தல் என்பது ஓர் ஆட்சிக் கவிழ்ப்புக்கும் அடுத்த ஆட்சிக் கவிழ்ப்புக்கும் நடுவே மக்களுக்கு வழங்கப்படும் இடைவேளையாகும். எண்பத்தேழில் இரண்டு, சென்ற ஆண்டு மே மாதத்தில் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் பிறகு பள்ளத்தாக்கில் இந்திய வம்சாவளியினரின் சில வீடுகள் பூட்டப்படும். பூட்டு வாங்கிய கடையிலேயே பெட்டியும் வாங்கிக்கொண்டு குடும்பங்கள் ஆக்லாந்துக்கும் சிட்னிக்கும் வான்கூவருக்கும் போய்விடும். எஞ்சியவர்கள் "வாக்காளப் பெருமக்கள்" என்று அழைக்கப்படுவார்கள்.

பாலசுப்பிரமணி எஞ்சியவர். அவரிடம் பத்து ஏக்கர் கரும்பு இருந்தது. கரும்பு அவருடையது, நிலம் லீசுக்கு எடுத்தது. டிசம்பரோடு லீஸ் முடிகிறது. நிலத்துக்கு உரிய பூர்வகுடிக் கிராமத்தாருக்கும் அவருக்கும் மூன்று தலைமுறைப் பழக்கம். ஆனால் லீஸைப் புதுப்பிப்பதா வேண்டாமா என்பதைத் தலைநகர் சுவாவில் அமையப்போகும் அரசாங்கம்தான் முடிவு செய்யும் என்றார்கள். மகன் நிலேஷ் ஆக்லாந்திலிருந்து வாரந்தோறும் போன் செய்து, வந்துவிடுங்கள் என்று கெஞ்சினான். "எலெக்‌ஷன் முடியட்டும்" என்பதே அவருடைய நிலையான பதில். ஜனநாயகத்தின்மீது ஒரு மனிதர் வைக்கக்கூடிய நம்பிக்கை முழுவதையும் அவர் வைத்திருந்தார். வேறெதன்மீதும் வைக்க அவரிடம் மிச்சம் இல்லை.

அவருடைய வேட்பாளர் ராமச்சந்திரன், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். எல்லோருக்கும் "மாஸ்டர்". கட்சியின் பெயர் நிலைத்து நிற்போர் முன்னணி, சின்னம் நங்கூரம், முழக்கம் "போகமாட்டோம்!" மாஸ்டரின் மனைவி மட்டும் பல்வலிக்கு வைத்தியம் பார்க்கச் சென்ற ஆண்டே சிட்னி போயிருந்தார். அங்கே பல்வைத்தியம் மெதுவாகத்தான் நடக்கும் போலும்.

கட்சியின் புரவலர் சதேந்திரா சேட். நாந்தியில் அவருக்குப் பெரிய கடை. முன்பக்கம் பயணப் பெட்டிகள். பின்பக்கம் சிமெண்டும் இரும்பும். அவர் நங்கூரத்துக்கும் நன்கொடை கொடுத்தார். எதிரணியாகிய வளர்ச்சிப் பேரவையின் ஏணிச் சின்னத்துக்கும் கொடுத்தார். லீஸ் முடிந்த நிலங்களில் ஹோட்டலும் கோல்ஃப் மைதானமும் கட்டுவது ஏணியின் கொள்கை.

"ரெண்டு பக்கமும் குடுக்கறீங்களே, சேட்?" என்று பாலசுப்பிரமணி கேட்டார்.

"ஒரு பக்கம் மட்டும் குடுத்தா அது கட்சி புத்தி, பாய். ரெண்டு பக்கமும் குடுத்தாதான் நடுநிலை" என்றார் சேட்.

இவ்வளவு உயர்ந்த நெறியைப் பாலசுப்பிரமணி அதுவரை கேட்டதில்லை. மரியாதையுடன் ஒரு சிரட்டை யங்கோனா மொண்டு கொடுத்தார்.

இங்கே யங்கோனாவைப் பற்றிச் சிறிது கூறுதல் அவசியம். அது ஒரு வேரை இடித்துத் தண்ணீரில் கரைத்த பானம். அது இல்லாமல் அந்நாட்டில் கல்யாணம், கருமாதி, அரசியல் எதுவும் நடவாது. அதைக் குடிக்க ஒழுங்குமுறை உண்டு. சிரட்டையை வாங்கும்முன் ஒருமுறை கைதட்ட வேண்டும். ஒரே மூச்சில் குடித்துச் சிரட்டையைத் திருப்பிக் கொடுத்தபின் மூன்றுமுறை தட்ட வேண்டும். தட்டாதவன் மரியாதை தெரியாதவன்.

அன்றைய கூட்டத்தில் மாஸ்டர் புதிய வாக்குமுறையை விளக்கினார்.

"சீட்டுல நங்கூரத்துக்கு நேரா ஒரு டிக் போடணும். அவ்வளவுதான். நம்ம சின்னம் பின்னால போயிட்டா, அந்த ஓட்டு வீணாப் போகாது. நாம முன்னமே எழுதிக் குடுத்த வரிசைப்படி இன்னொரு சின்னத்துக்குப் போயிரும்."

"எப்படி மாஸ்டர்? நான் போட்டது என்னைக் கேக்காம எப்படிப் போகும்?"

"பாலா, வான்கூவர் போறவன் நேராவா போறான்? ஹவாயில எறங்கி வேற பிளேன் ஏறலையா? அது மாதிரி உன் ஓட்டும் டிரான்சிட்ல போகும்."

"சரி, எங்க போயி எறங்கும்?"

"அது டெக்னிக்கல் விஷயம். கட்சி பாத்துக்கும். ஏணிக்குப் போகட்டும்னு ஒரு யோசனை இருக்கு. சும்மா பேருக்குத்தான். நாமதான் ஜெயிக்கப் போறோமே! சம்மதமா?"

பாலசுப்பிரமணி வாயைத் திறந்தார். அதே கணத்தில் அவர் முன்னால் சிரட்டை நீட்டப்பட்டது. அவர் ஒருமுறை கைதட்டினார், குடித்தார், மூன்றுமுறை தட்டினார். அடுத்தவரும் தட்டினார். அவருக்கு அடுத்தவரும் தட்டினார். சுற்று முடிவதற்குள் மாஸ்டர் எழுதி முடித்திருந்தார்: "தீர்மானம் பலத்த கரவொலிக்கிடையே ஏகமனதாக நிறைவேறியது." கேட்க நினைத்த கேள்வியைப் பாலசுப்பிரமணி விழுங்கிவிட்டார். அது யங்கோனாவைப் போலவே நாக்கை மரத்துப்போகச் செய்தது.

பிரசாரம் தொடங்கியது, கூட்டம்தான் வரவில்லை. பள்ளி மைதானத்தில் போட்ட ஐம்பது நாற்காலியில் ஒன்பது பேர் உட்கார்ந்தார்கள். அவர்களுள் இருவர் நாற்காலிக்காரர்கள்.

"ஜனங்க எல்லாம் எங்க போனாங்க?" என்று மாஸ்டர் வருந்தினார்.

"ஏர்போர்ட்டுக்கு" என்றார் சுமித்ரா. பாலசுப்பிரமணியின் மனைவியாகிய இந்த அம்மாள் அரசியல் அறிவு அறவே இல்லாதவர். ஆகையால் உண்மையைச் சட்டென்று சொல்லிவிடுவார்.

கணவருக்கோ அந்த ஒரு சொல்லில் ஒரு மாபெரும் திட்டம் உதித்தது. ஒருவர் வெளிநாடு போகிறார் என்றால் அவரை வழியனுப்ப நான்கு வேன் நிறையச் சொந்தக்காரர்கள் வருவார்கள். கார் நிறுத்தும் இடத்தில் பாய் விரிப்பார்கள். ரொட்டிப் பொட்டலம் பிரிப்பார்கள். யங்கோனா கரைப்பார்கள். விமானம் கிளம்பும்வரை அழுவதையும் சாப்பிடுவதையும் தவிர வேறு வேலை இல்லை. பந்தல் வேண்டாம், சோறு வேண்டாம், வேன் வாடகை வேண்டாம்! உலகில் எந்தக் கட்சிக்கும் வாய்க்காத இலவசக் கூட்டம் அங்கே அன்றாடம் கூடிக் கலைந்துகொண்டிருந்தது.

"பாலா, நீ சாதாரண ஆளில்லை" என்றார் மாஸ்டர். பிரசார மேலாளர் பதவி அங்கேயே அவருக்கு வழங்கப்பட்டது.

மறுநாள் முதல் நங்கூரம் விமான நிலையத்தில் இறங்கியது. மாஸ்டர் கழுத்தில், வழியனுப்பும்போது போடும் சாலுசாலு மாலை. கையில் துண்டறிக்கைகள் நிரம்பிய, சேட் அன்பளிப்பாகத் தந்த, நான்கு சக்கரப் பெட்டி. முதல் நாளே வாயிற்காவலர் சேமி ஓடிவந்தார். அவர் நிலக்காரக் கிராமத்தைச் சேர்ந்தவர். பாலசுப்பிரமணியின் பால்ய நண்பர். தமிழரோடு வளர்ந்ததால் தமிழும் பேசுவார், வணக்கம் மட்டும் ஃபிஜிய மொழியில் "புலா" என்பார்.

"புலா மாஸ்டர்! செக்-இன் அந்தப் பக்கம்! லேட் ஆச்சு!"

"நான் போறவன் இல்லப்பா. போகமாட்டோம்னு சொல்ல வந்தவன்."

சேமி மாலையைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். "அப்படியா?" என்றார்.

மாஸ்டரின் உரை உருக்கமானது. "இது நம் மண்! நாம் போகமாட்டோம்!" என்று அவர் முழங்க, பாயில் இருந்தவர்கள் எல்லோரும் கண்ணீர் விட்டார்கள். அவர்கள் ஏற்கெனவே அழுதுகொண்டிருந்தவர்கள் என்பது உரையின் பெருமையை எவ்வகையிலும் குறைக்காது. "போகமாட்டோம்!" என்று பயணியும் உரக்கக் கூவிவிட்டு, பாஸ்போர்ட்டைச் சரிபார்த்துக்கொண்டு உள்ளே போனார்.

தேர்தல் நிதிக்கும் பாலசுப்பிரமணியே வழி கண்டார். விமானமேறுபவர் பையில் கடைசியில் கொஞ்சம் ஃபிஜிச் சில்லறை மிஞ்சும். அந்நிய நாட்டில் அதற்கு மதிப்பில்லை. வீசவும் மனம் வராது. அவர் பிஸ்கட் டின் ஒன்றில் துளையிட்டு, நங்கூரம் ஒட்டி, வாயிலருகே நின்றார். உள்ளே நுழையும் ஒவ்வொருவரும் நின்று, பையைத் துழாவி, சில்லறையை டின்னில் போட்டுவிட்டுப் போனார்கள். இருப்போரின் கட்சிக்குப் போவோர் நிதி! தேர்தல் நிதியின் வரலாற்றில் இத்தகைய தூய பணம் இதற்குமுன் புழங்கியதில்லை. கொடுத்தவர் எவரும் திரும்பி வந்து பிரதிபலன் கேட்கப் போவதில்லை.

"ஏங்க, டின்னைத் தூக்கிட்டு இப்படி நிக்கறீங்களே, நம்ம சனம் பூரா உங்களைத் தாண்டி உள்ள போகுதே, தெரியுதா?" என்றார் சுமித்ரா.

"நிதி சேருது, சுமித்ரா."

"ஓட்டுப் போடுறவங்களும் சேந்துதான் போறாங்க. டின்னை ரெண்டு ஓட்டுப் போடச் சொல்லுங்க."

அரசியல் அறிவற்ற பேச்சு என்று பாலசுப்பிரமணி அதைத் தள்ளிவிட்டார்.

வாக்குப்பதிவு அமைதியாக நடந்தது. பாலசுப்பிரமணி இஸ்திரி போட்ட சட்டை அணிந்து, நங்கூரத்துக்கு நேரே பேனா ஆழப் பதியும்படி ஒரு டிக் போட்டார். பத்து ஏக்கர் அந்த டிக்கின்மேல் நின்றது.

செப்டம்பர் ஐந்தாம் நாள் காலை, வாக்குகள் எண்ணப்பட்டுக்கொண்டிருந்தபோது, மாஸ்டரிடமிருந்து போன் வந்தது. "பாலா, மதியம் ஏர்போர்ட்டுல கடைசிக் கூட்டம். நன்றி சொல்லணும். எல்லாரையும் கூட்டிட்டு வா. கொஞ்சம் கோழிப் புலாவும் பண்ணச் சொல்லு. மறக்காம மாலை."

நான்கு வேன் போயிற்று. பாய் விரிந்தது. மாஸ்டர் கழுத்து தெரியாமல் மாலை விழுந்தது. அன்று பெட்டி வழக்கத்தைவிடக் கனமாக இருந்தது. "மாஸ்டர், துண்டறிக்கை இவ்வளவு மிஞ்சிப்போச்சா?" என்று கேட்டபடியே பாலசுப்பிரமணி அதைத் தள்ளுவண்டியில் ஏற்றினார். "பத்திரம், பாலா" என்றார் மாஸ்டர்.

புலாவ் சோற்றில் பாதி தீர்ந்தபோது வேன் ரேடியோ முடிவை அறிவித்தது. நங்கூரம் மூன்றாவது. ஆகவே அது நீக்கப்பட்டு, அதன் வாக்குகள் அனைத்தும் கட்சி முன்னரே எழுதித் தந்த வரிசைப்படி ஏணிக்கு மாற்றப்பட்டன. ஏணி அமோக வெற்றி.

பாய்மீது யாரும் மெல்லவில்லை.

"நம்ம ஓட்டா?" என்றார் பாலசுப்பிரமணி. "என் ஓட்டா கோல்ஃபுக்குப் போச்சு?"

"வீணாப் போகலையே, பாலா" என்றார் மாஸ்டர் கனிவுடன். "டிரான்சிட். நீங்க எல்லாரும் கைதட்டினதுதானே?"

கைதட்டியது உண்மை. அதை மறுக்கும் வழியை அங்கிருந்த எவரும் அறியவில்லை. மாஸ்டர் எழுந்து தோல்வியை ஏற்கும் உரை ஆற்றினார். "உடல் எங்கிருந்தாலும் உள்ளம் இங்கேயே நங்கூரமிட்டிருக்கும்" என்றார். பழக்கத்தால் எல்லோரும் அழுதார்கள். பழக்கத்தால் ஒருவர் பின் ஒருவராக அவரைக் கட்டிக்கொண்டார்கள். பழக்கத்தால் பாலசுப்பிரமணி ஒரு கையால் வண்டியைத் தள்ளி, மறு கையில் டின்னை ஏந்தி, வாயில்வரை உடன் நடந்தார்.

சேமி வாயிலில் நின்றிருந்தார். கதவைத் திறந்து பிடித்தார்.

மாஸ்டர் நின்றார். பையைத் துழாவினார். கைநிறையச் சில்லறையை எடுத்து, டின்னுக்குள் ஒவ்வொன்றாகப் போட்டார்.

ஒரு மாத காலமாக அந்த டின்னில் சில்லறை போடும் மனிதர்கள் எந்த வகையைச் சேர்ந்தவர்கள் என்பதைப் பாலசுப்பிரமணியைவிட நன்றாக அறிந்தவர் வேறு எவரும் இல்லை. இருந்தும் அவர் கேட்டார்.

"மாஸ்டர், இது எதுக்கு?"

"அங்க இது செல்லாது, பாலா."

கதவு மூடிக்கொண்டது. ஏணிக்காரர்களை வாழ்த்திவிட்டு நங்கூரக்காரர்களுக்கு ஆறுதல் சொல்ல அப்போதுதான் வந்து சேர்ந்த சேட், பாலசுப்பிரமணியின் தோளில் கைவைத்தார். "மனசு விடாதே, பாய். டிசம்பருக்குள்ள கடைக்கு வா. பெரிய சைஸ் பெட்டி இருக்கு. கட்சிக்காரங்களுக்குத் தனி விலை."

சுமித்ரா முந்தானையால் முகம் துடைத்தார். "மாலை போட்டாச்சு, சோறு போட்டாச்சு, அழுதாச்சு, பெட்டியும் தள்ளியாச்சு. கை ஆட்டுறதுதான் பாக்கி. அதையும் ஆட்டிட்டு வாங்க, கரும்பு வெட்டணும்."

பாலசுப்பிரமணி கை ஆட்டினார்.

தேர்தல்களில் வேட்பாளர்கள் பிறர் பணத்தையே செலவிடுகிறார்கள் என்று குறை கூறுவோர் இந்த நிகழ்ச்சியைக் கவனிக்க வேண்டும். அந்தத் தொகுதியில், அந்தத் தேர்தலில், தம் சொந்தப் பணத்தைக் கட்சிக்குக் கொடுத்த ஒரே வேட்பாளர் மாஸ்டர் ராமச்சந்திரனே. தமக்கு உதவாது என்று தெரிந்த பிறகுதான் கொடுத்தார். பாலசுப்பிரமணியின் வாக்கையும் அவர் அப்படித்தான் ஏணிக்குக் கொடுத்திருந்தார். விமானம் தரையை விட்டு எழும்பியபோது மணி பிற்பகல் மூன்று நாற்பது.