ரிஜினை நம்பி என் சர்டிபிகேட்டைக் கொடுத்துராதீங்க மாமா

மதிப்பிற்குரிய செங்கோட்டையன் மாமா அவர்களுக்கு, அக்கா மகள் யோகப்பிரியா வணங்கி எழுதுவது. இங்கு நலம். நீங்களும் அத்தையும் நலம் என்பது சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும் சத்தத்திலேயே தெரிகிறது. வாய்ஸ் மெசேஜ் போட்டால் பாதி கேட்டுவிட்டு ‘சரி சாமி’ என்று அனுப்பிவிடுவீர்கள். அதனால்தான் பேப்பரில் எழுதி உங்கள் பைக் சீட்டில் வைக்கிறேன்.

இன்று பத்து மணிக்கு என் ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளை அந்த மலையாளத்துக் காலேஜில் கொடுத்து, எம்.எஸ்சி. கவுன்சலிங் சைக்காலஜி சீட்டை உறுதி செய்யப் போகிறீர்கள். தயவுசெய்து கொடுக்காதீர்கள். அந்தக் கோர்ஸுக்கு அங்கீகாரம் இல்லை. வாங்கி வைத்துக்கொண்டால் திருப்பியும் தரமாட்டார்கள்.

வேலந்தாவளம் பார்டர் டீக்கடையில காலேஜ் ஏஜெண்டு ரிஜின் காட்டுன நோட்டீசுல பில்டிங் நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா ஜிஜி மேடம் இருக்காங்கல்ல, யூடியூப்ல கவுன்சலிங் பத்திப் பேசறவங்க, அவங்க வீடியோ முன்னூத்திப் பன்னெண்டையும் பாத்துட்டேன், என்ற கமெண்ட்டுக்கு ஹார்ட்டே போட்டிருக்காங்க மாமா, அவங்கதான் சேர்றதுக்கு முன்னாடி யுஜிசி லிஸ்ட்டுல யுனிவர்சிட்டி பேரத் தேடச் சொன்னாங்க. தேடுனேன். இல்ல. நாலு விதமா ஸ்பெல்லிங் மாத்தியும் தேடிப்போட்டேன், இல்லவே இல்ல. உடனே காலேஜுக்கே போன் போட்டேன்.

“சேச்சி, உங்க கோர்ஸுக்கு அங்கீகாரம் இருக்குதுங்களா?”

“ஐஎஸ்ஓ உண்டு மோளே.”

“அது எங்கூரு மிச்சர் கம்பெனிக்கும் இருக்குதுங்க. யுஜிசி?”

“அப்ளிகேஷன் கொடுத்திருக்கு. நீ படிச்சு முடிக்கும்போ கிட்டும்.”

“கிட்டலீனா?”

“நல்லதே நெனைக்கணும் மோளே. அதானே கவுன்சலிங்?”

நாங்க ஆளுங்களுக்குக் கவுன்சலிங் குடுத்துப் பழகறப்பப் பக்கத்துல இருந்து பாத்து யாரு திருத்துவாங்கன்னு கேட்டேன். “ஃப்ரெண்ட்ஸ் இல்லே? அவங்ககிட்டப் பேசிப் பழகு”ன்னு போன வெச்சுட்டாங்க.

சிரிக்காதீங்க மாமா. என்ற ஹாஸ்டல் ரூம்மேட் மோனிஷா, மூணாறு எஸ்டேட் புள்ள, தூக்கமே இல்லாம ஒரு கவுன்சலர்கிட்டப் போனா. சுவத்துல ஃப்ரேம் போட்ட சர்டிபிகேட் மாட்டியிருந்துச்சாம். அந்தாளு அஞ்சே நிமிஷத்துல ‘கல்யாணம் பண்ணிக்கோ, சரியாயிரும்’னு அனுப்பிட்டாரு. அதுக்கப்புறம் ஒரு மாசம் அவ யாருகிட்டயும் வாயே தொறக்கல. நாளைக்கு என்ற முன்னால ஒரு புள்ள அப்படி வந்து உக்காந்தா, நானும் அதையேதான் சொல்லோணுங்களா?

ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத போர் மோட்டார வாங்கமாட்டேன்னு கடைக்காரன்கிட்ட அர மணி நேரம் சண்டை போட்ட ஆளுங்க நீங்க. தண்ணி எறைக்கற மோட்டாருக்கே அத்தன கேள்வின்னா, மனுசன் மனசுல கை வெக்கப்போறவளுக்கு ஒரே ஒரு கேள்வி கேக்கக்கூடாதுங்களா? வருசம் வீணாப் போகும்னு அம்மா பொலம்பறாங்க. காத்திருந்தா ஒரு வருசம் போகும். அங்க சேந்தா ரெண்டு வருசமும் போயி, வேலைக்குக் கேட்டா ‘இது செல்லாதும்மா’ம்பாங்க. படிச்சா அங்கீகாரம் இருக்கற எடத்துலதான் படிப்பேன். இல்லீனா தோப்புல தேங்கா பொறுக்கறேன்.

ஆனாலும் முடிவு உங்களோடது. உங்களைக் கேட்காமல், நீங்கள் சர்டிபிகேட் போட்டு வைத்திருக்கும் அந்தக் கவரைத் தொடக்கூட மாட்டேன்.

அத்தைக்கு என் அன்பு. உங்கள் தென்னைகளுக்கு வெள்ளை ஈ வராமலும், உங்கள் முழங்காலுக்கு வலி வராமலும் இருக்க மாகாளியம்மனை வேண்டுகிறேன்.

என்றும் பேச்சு மீறாத மருமகள்,
யோகப்பிரியா

பி.கு.: தொட்டுட்டேன் மாமா. நீங்க குளிக்கப் போன நேரத்துல சர்டிபிகேட் பூராவும் எடுத்து ஒளிச்சு வெச்சுட்டேன். இப்ப அந்தக் கவருக்குள்ள உங்க ஜெர்சி மாட்டோட இன்சூரன்ஸ் பேப்பருதான் இருக்குது. மறந்தாப்புல அதக் கொண்டுபோய் அங்க நீட்டீராதீங்க. மாட்டுக்கும் சீட்டு போட்டுருவாங்க.