எனக்கு மட்டும் குரல் கொடுக்காத பூனை

நாவற்குடா,
மட்டக்களப்பு.
சனிக்கிழமை காலை.

மதிப்புக்குரிய சம்பந்தி இராசதுரை அவர்களுக்கும் சம்பந்தியம்மா கண்ணகை அவர்களுக்கும் அருமைநாயகம் எழுதிக்கொள்வது.

இங்கே நான், என் மனைவி அன்னப்பூரணி, மகள் தனுஷியா, உங்கள் மகன் சுதாகரன் நால்வரும் சுகம். பூனையும் சுகம். பூனையின் சுகத்தை இந்த மனிதன் எதற்கு முதலிலேயே எழுதுகிறான் என்று யோசிப்பீர்கள். இந்தக் கடிதமே பூனையைப் பற்றியதுதான், பொறுமையாக வாசியுங்கள். வாகரையில் மழை எப்படி, வலையில் மீன் படுகிறதா, சம்பந்தியம்மாவின் முழங்கால் நோ குறைந்ததா என்பதைப் பதிலில் எழுதவும். போனில் கதைக்கலாமே என்று கேட்க வேண்டாம். முப்பத்திரண்டு வருடம் தபாற்கந்தோரில் இருந்தவன் போனை நம்ப மாட்டான். அதோடு நான் போனில் கதைத்தால் பக்கத்து வளவுக்கும் கேட்கும் என்று வீட்டில் குறை சொல்கிறார்கள். இந்தக் காரியம் யார் காதிலும் விழக் கூடாது, முக்கியமாக உங்கள் மகன் காதில்.

காரியம் இதுதான். உங்கள் மகன் வாகரைப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு இடமாற்றம் கேட்டு விண்ணப்பம் நிரப்பி வைத்திருக்கிறார். வாகரையை விட்டு மாற்றம் கேட்டு அலைந்த ஆசிரியர் எத்தனையோ பேரின் கடிதங்களுக்கு முத்திரை குத்தியிருக்கிறேன். வாகரைக்கு மாற்றம் கேட்ட ஆசிரியர் நான் அறிய உங்கள் மகன் ஒருவர்தான். உங்கள் ஊரைக் குறைத்துச் சொல்வதாக நினைக்காதீர்கள், நல்ல காற்று, நல்ல சனம். ஆனால் அந்த விண்ணப்பத்தை அனுப்பிவிட்டாரா இல்லையா, அனுப்பியிருந்தால் மகளையும் கூட்டிக்கொண்டு போகப்போகிறாரா, விட்டுவிட்டுப் போகப்போகிறாரா, ஒன்றும் தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. தனுஷியாவைக் கேட்கச் சொன்னேன். "நீங்களே கேளுங்கோ அப்பா, நான் நடுவில நிண்டு தபால் காவ மாட்டன்" என்று சொல்லிவிட்டாள். நான் ஏன் கேட்கவில்லை என்பீர்கள். அந்த இடத்தில்தான் பூனை வருகிறது.

நம்முடைய பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியாததா, வீடு பெண்ணுக்கு, மாப்பிள்ளைதான் வந்து சேர வேண்டும், நீங்களும் அப்படிச் சம்பந்தியம்மா வீட்டுக்குப் போனவர்தானே. மாமியார் மருமகனோடு முகத்துக்கு நேரே நின்று கதைப்பது மரியாதை இல்லை என்பது அன்னப்பூரணி தன் தாயிடம் படித்தது. இந்தக் காலத்தில் யார் அம்மா இதெல்லாம் பார்க்கிறது என்று மகள் சொன்னாலும் அவள் குசினிக் கதவுக்குப் பின்னாலேயே நிற்பாள். உங்கள் மகனும் மரியாதை தெரிந்தவர், மாமி இருக்கும் பக்கம் தலை நிமிர மாட்டார். என்னைப் பற்றி உங்களுக்குத் தெரியும், கதையைத் தொடங்கினால் எனக்கு நிறுத்தத் தெரியாது. "அவருக்கு விளக்கம் சொல்லாதீங்கோ அப்பா" என்று மகள் கலியாணத்துக்கு முதல் நாளே கட்டளை போட்டதால் நானும் வாயைக் கட்டிக்கொண்டேன். ஆக ஒருவரை ஒருவர் மதித்து மதித்தே வீட்டில் ஒருவரும் கதைப்பதில்லை. ஆனால் சாப்பாட்டு நேரத்தில் கேட்க வேண்டியதைக் கேட்கத்தானே வேண்டும்? அதற்கு எங்கள் வீட்டுச் சாம்பல் வரிப் பூனை சின்னவள் இருந்தாள். "சின்னவ, இன்னும் ஒரு குழல் புட்டு வைக்கிறதா எண்டு கேளு" என்று கதவுக்குப் பின்னாலிருந்து அன்னப்பூரணி சொல்வாள். "போதும், கூனிச் சுண்டல் நல்லாயிருக்கு எண்டு சொல்லு" என்று உங்கள் மகன் பூனையைப் பார்த்துச் சொல்வார். ஏழு மாதம் இப்படித்தான் போனது.

பூனைக்கும் இது பிடித்துப்போய்விட்டது. அன்னப்பூரணியைக் கண்டால் அடிவயிற்றிலிருந்து நீட்டி "ஞாஆஆவ்" என்று ஒரு முறைப்பாடு. மகளைக் கண்டால் கட்டையாக ஒரே ஒரு "மியா". மருமகன் பள்ளிக்கூடம் விட்டு வந்து மோட்டார்ச் சைக்கிளை நிறுத்தும்போது தொண்டைக்குள்ளே "ப்ர்ர்ர்" என்று உருட்டிக்கொண்டு வாலைத் தூக்கி ஓடுவாள். என்னைக் கண்டால் மட்டும் வாயைப் பெரிதாகத் திறப்பாள், சத்தம் வராது. ஒரு பொட்டுச் சத்தமும் வராது. வீட்டுக்காரன் நான், எனக்கு இது அவமானமாகவே இருந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

இனி நான் செய்த மடத்தனம். சாப்பாட்டு நேரத்தில் சின்னவள் நீட்டிக் கத்தத் தொடங்கினால் மருமகன் சோற்றுக் கோப்பையையும் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போவதை நான் பல நாள் பார்த்தேன். பாவம், பிள்ளை நாள் முழுக்க நாற்பது பிள்ளைகளின் சத்தத்தில் இருந்துவிட்டு வருகிறார், இங்கேயும் இந்த வில்லங்கமா என்று எனக்குக் கவலை வந்தது. கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. ஏறாவூரில் அரிசி ஆலை வைத்திருக்கும் என் பழைய சிநேகிதர் ஜிப்ரி எலித்தொல்லை என்று புலம்பிக்கொண்டிருந்தார். ஒரு காலையில் சின்னவளைப் பெட்டியில் போட்டுக் கொண்டுபோய் அவரிடம் கொடுத்துவிட்டு, மருமகனுக்குப் பெரிய உபகாரம் செய்துவிட்டேன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தேன். மறுகாதான் தெரிந்தது, அவர் கிணற்றடிக்குப் போனது பூனைக்கு மீன் பிய்த்துப் போட.

அன்று மத்தியானம் வீடு இருந்த இருப்பைச் சொல்ல முடியாது. அன்னப்பூரணி சொதிச் சட்டியோடு கதவுக்குப் பின்னால் நிற்கிறாள், யாரிடம் கேட்பதென்று தெரியவில்லை. மருமகனுக்குச் சொதி வேண்டும், யாரிடம் சொல்வதென்று தெரியவில்லை. வெறும் சோற்றைப் பிசைந்து சாப்பிட்டுவிட்டு எழும்பிப் போனார். மூன்று நாள் இப்படி. நாலாம் நாள் தனுஷியா கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து, அவர் மாற்றத்துக்கு விண்ணப்பம் நிரப்பிவிட்டார் என்றாள். ஏன் என்று கேட்டேன். "இந்த வீட்டில தன்னோட கதைச்சது அந்தப் பூனை ஒண்டுதானாம், அதையும் நீங்க அனுப்பிப்போட்டீங்களாம்" என்றாள்.

சேர்ட்டுக்குப் பொத்தானும் சரியாகப் போடாமல் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஏறாவூருக்குப் போனேன். ஆலை முற்றத்தில் பத்துப் பன்னிரண்டு பூனை, அத்தனையும் சாம்பல் வரி, ஒரே தாளில் அச்சடித்த முத்திரைகள் மாதிரி. உங்கட ஆள் எது எண்டு நீங்கதான் சொல்லணும் என்று ஜிப்ரி கையை விரித்துவிட்டார். குரலை வைத்துப் பிடிக்கலாம் என்று பார்த்தால் ஒன்றும் வாய் திறக்கவில்லை. வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் படிக்கிற அவருடைய மகள் நஸ்ஹா, லீவுக்கு வந்திருந்தது. அந்தப் பிள்ளை எனக்கு விளக்கம் சொல்லிற்று, ஒருவர் எனக்கு விளக்கம் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான். வளர்ந்த பூனைகள் சண்டையில் உறுமும், சீறும், ஆனால் தங்களுக்குள் மியாவ் என்று கதைத்துக்கொள்வது குறைவாம். மியாவ் என்பது குட்டியாக இருக்கும்போது தாயைக் கூப்பிட்ட சத்தமாம், வளர்ந்த பிறகு மனிதருக்காக வைத்துக்கொள்கிறதாம். சில பூனைக்குப் பிறப்பிலேயே வாய் கூட, சிலதுக்குக் குறைவு. மற்றப்படி எந்தச் சத்தத்துக்குச் சோறு வருகிறதோ, கதவு திறக்கிறதோ, அந்தச் சத்தம் நிலைக்கும், பதில் வராதது விழுந்துபோகும். அதனால்தான் ஆளுக்கு ஒரு குரலாம். எனக்கு மட்டும் ஏன் குரல் இல்லை என்று கேட்டேன்.

"அது கத்தினா நீங்க என்ன செய்வீங்க அங்கிள்?"

"நான் ஒண்டும் செய்யிறதில்லையே."

"அப்ப உங்களோட அது ஏன் கத்தணும்?"

சம்பந்தி, பூனை கிடக்கட்டும். கலியாணம் முடிந்த முதல் கிழமை உங்கள் மகன் என்னிடம் வந்து, "மாமா, பேப்பர் வாசிச்சிட்டீங்களா?" என்று கேட்டவர். நான் ஒரு சொல்லும் சொல்லாமல் பேப்பரை நீட்டினேன். அடுத்த நாளும் கேட்டார், அடுத்த நாளும் நீட்டினேன். அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை. நஸ்ஹா உமிமூட்டைக்குப் பக்கத்தில் நின்று சொன்ன பிறகுதான் இது எனக்கு ஞாபகம் வந்தது, வெட்கமாகப் போய்விட்டது.

அந்த நேரம் பார்த்து ஒரு சாம்பல் வரி என் முகத்தைப் பார்த்து வாயைப் பெரிதாகத் திறந்தது. சத்தமே வரவில்லை. இதைவிட வேறு என்ன அடையாளம் வேண்டும்? அள்ளியெடுத்துப் பெட்டியில் போட்டுக்கொண்டு வந்தேன். மருமகன் முற்றத்தில் நின்றார். பெட்டியைத் திறந்து பூனையைத் தூக்கி நெடுநேரம் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், "நல்லம் மாமா" என்றார். அந்த இரண்டு சொல் எனக்குப் போதும்.

இரண்டு கிழமையாகப் பூனை சத்தம் போட்டால் நானும் பதில் சொல்கிறேன். முதலில் கூச்சமாகத்தான் இருந்தது. இப்போது என்னைக் கண்டால் நறுக்கென்று ஒரு "ஞெவ்" வைக்கிறாள், அது எனக்கென்றே உள்ளது, வேறு யாருக்கும் இல்லை. பேப்பரையும் இப்போது சும்மா நீட்டுவதில்லை, மூன்றாம் பக்கத்தைப் பாருங்கள் மருமகன் என்று சொல்லித்தான் கொடுக்கிறேன், அவரும் வாசித்துவிட்டு ஏதாவது சொல்கிறார். பூனைகளின் குரல் பற்றி ஊரில் யாருக்காவது சந்தேகம் இருந்தால் இப்போது என்னிடம் கேட்கலாம், அவ்வளவுக்கு வந்துவிட்டேன். ஆனால் அந்த விண்ணப்பம் போய்விட்டதா என்ற ஒன்றை மட்டும் கேட்க எனக்கு இன்னும் வாய் வரவில்லை. அவர் ஓம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வேன்? ஆகவே நீங்கள் தகப்பன் என்ற முறையில் மெல்ல விசாரித்து, நான் கேட்டதாகக் காட்டிக்கொள்ளாமல் எனக்கு எழுத வேண்டும்.

உங்கள் தோணிக்குக் கடல் அமைதியாக இருக்கட்டும், சம்பந்தியம்மாவின் முழங்கால் ஆடி அமாவாசைக்குள் சுகப்பட்டு மாமாங்கத் தீர்த்தத்துக்கு இருவரும் எங்கள் வீட்டிலிருந்தே போகக் கிடைக்கட்டும் என்று பிள்ளையாரை வேண்டி நிற்கும்,

உங்கள் சம்பந்தி,
க. அருமைநாயகம்
(ஓய்வுபெற்ற தபாலதிபர்)

பிற்குறிப்பு: கடித உறையை ஒட்டும் நேரத்தில் ஜிப்ரியின் போன் வந்தது. எங்கள் சின்னவள் ஆலையை விட்டு அசையவே இல்லையாம், சாக்கு அடுக்குக்குப் பின்னால் நாலு குட்டி போட்டிருக்கிறாளாம், தராசுக்காரரைக் கண்டால் அவருக்கென்று ஒரு புதுச் சத்தம் வேறு வைத்திருக்கிறாளாம். அப்படியானால் இங்கே எனக்கு "ஞெவ்" சொல்வது யார்? குசினிக்கு ஓடிப்போய், இது நமது பூனை இல்லை என்றேன். அன்னப்பூரணி தேங்காய் துருவுவதை நிறுத்தவில்லை.

"தெரியும். கொண்டுவந்த அண்டைக்கே மருமகன் சொன்னவர்."

"ஆரிட்டச் சொன்னவர்?"

"என்னட்டத்தான். 'மாமி, இது நம்மட பூனை இல்ல. மாமாவிட்டச் சொல்லாதீங்கோ, பாவம், எனக்காக ஏறாவூருக்குப் போய் வந்தவர்' எண்டார். அந்த விண்ணப்பத்தையும் கையோட தந்தவர், அதாலதான் அண்டைக்கு அடுப்பு மூட்டினன்."

இரண்டு கிழமையாக இருவரும் கதைத்துக்கொண்டிருக்கிறார்கள் சம்பந்தி, எனக்குத்தான் தெரியாது. ஆகவே மேலே எழுதியது ஒன்றையும் நீங்கள் அவரிடம் கேட்க வேண்டாம். இந்தக் கடிதத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதலாம் என்று இருந்தேன். உங்கள் மகன் எனக்குப் பின்னால் நின்று முழுவதையும் வாசித்துவிட்டார். "கிழிக்காதீங்கோ மாமா, அப்பா சிரிப்பார். தாங்கோ, நானே தபாலில போடுறன்" என்றார். அவர் கையிலேயே கொடுத்துவிட்டேன்.