குளக்கரையில் முதல் வகுப்பு

டாலியாங், ஷுண்டே
மழை விட்ட ஞாயிறு

மரியாதைக்குரிய அண்ணி அவர்களுக்கு,

புய்லிங் எழுதுவது. இங்கே எல்லோரும் உடம்பால் நலம். மனத்தால் எப்படி என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். சின்ஹுயியிலிருந்து நீங்கள் அனுப்பிய காய்ந்த ஆரஞ்சுத் தோல் வந்து சேர்ந்தது. அதைப் போட்டு வாத்து வேகவைத்தேன், உங்கள் தம்பி வழக்கத்தைவிட ஒரு கிண்ணம் சோறு கூடச் சாப்பிட்டார். அந்தத் தெம்போடுதான் மறுநாள் போய் மகள் கல்யாணத்தைக் கெடுத்தார்.

உங்கள் தம்பிக்குப் பழைய சண்டைப் படங்கள் மேல் இருக்கிற பைத்தியம் உங்களுக்குத் தெரியாததில்லை, வளர்த்ததே நீங்கள்தானே. கடையில் மின்விசிறி ரிப்பேர் செய்யும்போது திருப்புளியை எடுக்கக் கை நீட்டினால்கூட வாயால் 'உஷ்' என்று ஒரு சத்தம் கொடுப்பார், படத்தில் சட்டைக் கை காற்றை வெட்டுகிற சத்தமாம் அது. சாப்பாட்டுக் கடைக்குப் போனால் மாடியில் உட்கார விடமாட்டார், கைப்பிடி ஓரம் உட்கார்ந்தவன் கடைசியில் கீழே இருக்கிற மேஜை மேல்தான் விழுவான் என்பது அவர் கட்சி. இதையெல்லாம் கட்டிக்கொண்ட பாவத்துக்குப் பொறுத்துக்கொண்டேன். ஒன்றுதான் இத்தனை வருஷமும் புரியாமல் இருந்தது. டி.வி.யில் பழைய படம் வந்தால் கடைசிவரை பார்த்துவிட்டு, “இடதை வலமாத் திருப்பிப் போட்டிருக்கான் பாரு, திருட்டுப் பய. வாள் எந்தக் கையில இருக்கு, கண்ணு தெரியலயா உனக்கு?” என்று என்னைத் திட்டுவார். கேசட் கடைக்காரரிடமும் இதே சண்டைதான், அவர் இவர் தலையைக் கண்டாலே கதவைச் சாத்துவார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மகள் வாய்லாமும் ஆவ் வீட்டுப் பையன் ஜுன்யிப்பும் ஒருவரையொருவர் விரும்புவதை முன்பே சொல்லியிருந்தேன். அந்தப் பையனின் தாத்தாவுக்கு எண்பதாம் பிறந்தநாள் விருந்து. வாருங்கள், அங்கேயே கல்யாணத் தேதியும் பேசிவிடலாம் என்று நம்மைக் கூப்பிட்டிருந்தார்கள். உங்கள் தம்பி துணிப்பொத்தான் வைத்த வெள்ளை அங்கியை எடுத்தார். பிறந்தநாளுக்கு யாராவது துக்கத்துக்குப் போடுகிற வெள்ளையைப் போடுவார்களா என்றால், “இது வெள்ளை இல்ல, சோயாப்பால் நிறம்” என்றார். சரி, வாழ்த்துகள் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உட்காருங்கள், அதற்குமேல் எதுவும் வேண்டாம் என்று படித்துப் படித்துச் சொன்னேன். செவிடன் காதில் ஊதிய சங்கு.

மண்டபம் நிறைய உறவுக்காரர்கள். தாத்தா நடுவில் உட்கார்ந்து ஆயுள் நீள வேண்டும் என்று நூடுல்ஸைக் கடித்துவிடாமல் நீளமாக உறிஞ்சிக்கொண்டிருக்கிறார். இவர் நேரே போய்க் காலை அகட்டி நின்று, இடது முஷ்டியை வலது கையால் மூடிக் கும்பிட்டார் அண்ணி. நல்ல காரியத்துக்கு ஆண்பிள்ளை இடக்கையால்தான் மூடுவான், வலக்கையால் மூடினால் சாவு வீட்டுக்குப் போயிருக்கிறான் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மண்டபமே அடங்கிப்போயிற்று. தான் நின்ற தோரணையைப் பார்த்துத்தான் எல்லோரும் வாயடைத்துப் போனார்கள் என்று நினைத்துக்கொண்டு, மூன்று தடவை குனிந்தார். மூன்று தடவை எங்கே குனிவார்கள்? போதாததற்கு, “பெரியவர் பேரு என்னைக்கும் மறையாது” என்று படத்து வசனம் வேறு. பையனின் அத்தை கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, “அப்பா இன்னும் நூடுல்ஸையே முடிக்கல. அதுக்குள்ள வழியனுப்ப ஆளு வந்தாச்சா?” என்றாள். தாத்தா இவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். மீன் வருவதற்கு முன்னாலேயே எழுந்து வந்துவிட்டோம். ஷுண்டேயில் மீன் வருமுன் பந்தியை விட்டு எழுந்த குடும்பம் நம்முடையதாகத்தான் இருக்கும்.

மறுநாள் அத்தை போன் பண்ணி, தேதி பேச்சை இப்போது எடுக்க வேண்டாம் என்று வைத்துவிட்டாள். வாய்லாம் அப்பாவிடம் பேசுவதில்லை, சாப்பாடும் இறங்கவில்லை. ஜுன்யிப் வருகிறான், வாசலில் நின்று அவளோடு பேசுகிறான், உள்ளே வரமாட்டேன் என்கிறான். தப்பை ஒத்துக்கொண்டு மன்னிப்புக் கேளுங்கள் என்றால் உங்கள் தம்பி சொல்கிறார்: “இந்தக் கைதான் சரி. அக்கா கூட்டிட்டுப் போன படத்துல எல்லாரும் இப்படித்தான் கும்பிட்டாங்க. நீ இப்ப எங்கக்காவைப் பொய்க்காரி ஆக்கப் பாக்கிறியா?”

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. பழி உங்கள் பட்டுப்புழுக்கள்மேல்தான் அண்ணி. நம் சின்ன வயதில் குளங்களுக்கு நடுவே துணி கட்டிப் படம் காட்டுவார்களே, நான் கூட்டத்தோடு முன்பக்கம் இருந்தவள். நீங்கள் புழுவுக்கு முசுக்கொட்டை இலை போட்டுவிட்டுத் தம்பியை முதுகில் சுமந்துகொண்டு தாமதமாக வருவீர்கள். இடம் இருக்காது. துணிக்குப் பின்னால் குளக்கரையில்தான் உட்காருவீர்கள். அங்கிருந்து பார்த்தால் எல்லாம் இடம் வலம் மாறித்தானே தெரியும்? இவரோ இன்றுவரை, “எங்கக்கா எனக்கு எப்பவும் முதல் வகுப்பு பிடிப்பா. முன்னால ஒரு தலை மறைக்காது” என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் சொன்னால் நம்பமாட்டார். ஆகவே நீங்களே அவருக்கு உண்மையை எழுத வேண்டும், ஆவ் வீட்டுக்கும் ஒரு வரி விளக்கம் எழுத வேண்டும். அவர் மனசு உடையும்தான், எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் பெண்ணின் வாழ்க்கை.

உங்கள் பேரப்பிள்ளைகள் கல்வியும் ஆயுளும் பெற்று வளரட்டும். முழங்காலுக்கு இஞ்சி ஒத்தடம் கொடுங்கள்.

பணிவுடன்,
புய்லிங்

பி.கு.: உறையை ஒட்டப்போகிற நேரத்தில் ஆவ் தாத்தா தனியாகக் கடைக்கு வந்தார், கையில் விருந்துப் பொட்டலம். உங்கள் தம்பி எழுந்து மறுபடியும் அதே கையால் கும்பிட்டார், நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தால் தாத்தாவும் வலக்கையை மேலே வைத்துக் கும்பிட்டு நிற்கிறார். “காத்துல படத் துணி பறக்காம பின்னால கயித்தப் பிடிச்சுக்கிட்டு நின்னவன் நான். ஒரு பொண்ணு தம்பியச் சுமந்துட்டு வரும். அந்தப் பய நீதானா?” என்றார். இவர் திகைத்துப்போய், “பெரியவரே, அது முன்பக்கம்தானே?” என்று கேட்டார். தாத்தா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “முன்பக்கம்தான்ப்பா. எவன் தலையாவது மறைச்சுதா?” என்றார்.

கல்யாணம் எட்டாம் மாதத்தில். அத்தை வாயைத் தாத்தாவே அடைத்துவிட்டார். இப்போது இருவரும் டி.வி. முன் உட்கார்ந்து, படத்தைத் திருப்பிப் போட்டவனைச் சேர்ந்து திட்டிக்கொண்டிருக்கிறார்கள். தயவுசெய்து மேலே கேட்டபடி யாருக்கும் எதுவும் எழுதிவிடாதீர்கள். துணிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவள் நான்தான் என்று இந்த வீட்டில் தீர்ப்பாகிவிட்டது, நானும் ஒத்துக்கொண்டுவிட்டேன்.