நாற்பத்து நாலைப் பாரு

"முதல் அடி எடுத்து வைக்கவே யோசிக்கிறான் சார். பந்து கிளம்பி, சாப்பிட்டுக் கை கழுவினதுக்கு அப்புறம்தான் இவன் கிளம்புறான்."

வெர்னன் டில்லார்ட் தன் பயிற்சியாளரிடம் போனில் சொல்லி முடிக்கவில்லை, முன்வரிசையில் இருந்த பச்சைத் தொப்பிப் பெண்மணி திரும்பினாள். வெர்னன் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். ஆட்டம் தொடங்கியதிலிருந்து, "நாற்பத்து நாலைப் பாரு, நாற்பத்து நாலைப் பாரு" என்று தொண்டை வறளக் கத்தியவள் இவள்தான். பெற்றவளைத் தவிர வேறு யார் இப்படிக் கத்துவார்கள்?

"நாற்பத்து நாலையா சொன்னீங்க? அவ்வளவு மந்தமா அவன்?" என்று கேட்டுச் சிரித்தாள். "இந்தாங்க, வேகவெச்ச கடலை. சாப்பிடுங்க."

அந்த மாதிரிச் சிரிப்பை வெர்னன் தன் மனைவி முகத்தில் பார்த்திருக்கிறான். பின்னாலேயே இடி இறங்கும். பயந்துகொண்டே ஒரு கடலையை எடுத்தான்.

கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணிக்குப் பள்ளிப் பையன்களைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது அவன் வேலை. போன வருடம் அவன் பிடித்துவந்த முரட்டுப் பையன் பாதியில் விளையாட்டை விட்டுவிட்டு பேண்டில் டிரம்பெட் ஊதப் போய்விட்டான். "இந்த நாற்பத்து நாலாம் நம்பர் மார்க்கெலையும் கோட்டை விட்டா நீயும் வராதே" என்று தலைமைப் பயிற்சியாளர் ரஸ்க் சொல்லித்தான் இந்த ஊருக்கு அனுப்பியிருந்தார். ஜார்ஜியாவில் பையன் எந்தக் கல்லூரிக்குப் போவது என்பதைப் பையன் தீர்மானித்ததாக யாரும் கேள்விப்பட்டதில்லை. அம்மா வைத்ததுதான் சட்டம்.

அந்த நேரத்தில் நாற்பத்து நாலு பாய்ந்தான். தோளைத் தாழ்த்தி, தன்னை மறித்து நின்ற எதிரணி எழுபத்திரண்டின் முழங்கைக்கு அடியில் வழுக்கிக்கொண்டு போய், பந்தை வீசக் கை ஓங்கிய அந்த அணியின் வீச்சாளன் குவார்ட்டர்பேக்கைப் புல்லோடு புல்லாக்கினான்.

வெர்னன் நிஜமாகவே துள்ளி எழுந்தான்.

"நான் சொன்னது தப்பு மேடம். அவன் தயங்கலை. எதிராளி எந்தக் கால்ல சாயறான்னு பார்த்துட்டு மறுபக்கம் போறான். இந்த வயசுல இதை யாரும் சொல்லிக் குடுக்க முடியாது."

அவள் முகம் சுருங்கியது. கடலைப் பொட்டலத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

இன்னும் மன்னிக்கவில்லை போலிருக்கிறது. அவளைக் குளிர்விக்க வெர்னன் கொஞ்சம் தாராளமாகவே அளந்துவிட்டான்.

"அந்த எழுபத்திரண்டைப் பாருங்களேன். ஆளா அது, மாட்டுக்கொட்டகைக் கதவு. யார் தள்ளினாலும் திறக்குது."

"அவனுக்குக் கணுக்கால்ல வலி" என்றாள் மெதுவாக.

எதிரணிப் பிள்ளைக்கும் இரங்குகிற தாய்மனசு! வெர்னன் உருகிப்போனான்.

"வலிக்கிறதுக்குக் கால்னு ஒண்ணு இருக்கணுமே மேடம். நின்ன இடத்துல வேர் விட்டிருக்கு."

அவள் எழுந்து வரிசையின் கோடிக்குப் போய் உட்கார்ந்துவிட்டாள்.

"வெர்னன்" என்றது சட்டைப்பை. போனை அணைக்க மறந்திருந்தான்; ரஸ்க் இன்னும் லைனில்தான் இருந்தார். "எல்லாத்தையும் கேட்டேன்யா. காலைப் பார்த்துப் போறான்னியே, அது போதும். இடம் குடுத்தாச்சுன்னு அவங்க அம்மாகிட்டயே சொல்லிடு."

"அவங்க எழுந்து போயிட்டாங்க சார்."

"என்னது? சரி, பின்னாலேயே போ."

வெர்னன் பெரிய பொட்டலமாகக் கடலை வாங்கிக்கொண்டு போனான்.

"மேடம், உங்க பையனைப் பத்தி..."

"நீங்க போட்டிருக்கிற காலேஜ் தொப்பியைப் பார்த்ததும், என் பிள்ளையைத்தான் பார்க்க வந்திருக்கீங்கன்னு சந்தோஷப்பட்டேன்" என்றாள் அவள். கண் கலங்கியிருந்தது. "தயவுசெஞ்சு எங்க வீட்டுப் பக்கம் வந்துடாதீங்க."

அதன்பிறகு நாற்பத்து நாலு இன்னும் இரண்டு முறை குவார்ட்டர்பேக்கைச் சாய்த்தான். வெர்னனுக்குத் தன் வேலை சாய்வதுபோல்தான் தெரிந்தது.

ஆட்டம் முடிந்ததும், வேறு வேலை தேடுகிற முகத்தோடு மைதானத்துக்குள் இறங்கினான். மார்க்கெல் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஓடிவந்தான்.

"சார், உங்க பெரிய கோச் அம்மாவுக்கே போன் பண்ணிட்டாராம். அம்மாவுக்கு ரொம்பச் சந்தோஷம். ஞாயித்துக்கிழமை சர்ச் விட்டதும் உங்களைச் சாப்பிட வரச் சொன்னாங்க."

வெர்னன் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்தான்.

"என்மேல கோபமே இல்லையா?"

"எதுக்கு சார்? அவங்களுக்கு இன்னைக்கு ஆஸ்பத்திரியில டியூட்டி. ஆட்டத்துக்கே வரலையே."

வெர்னன் மெதுவாகத் தலையைத் திருப்பினான். மைதானத்தின் அந்தக் கோடியில் பச்சைத் தொப்பி யாருக்கோ குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்துவிட்டுக்கொண்டிருந்தது.

"அப்போ அந்த அம்மா?"

காலிப் பொட்டலங்களைப் பொறுக்கிக்கொண்டிருந்த கடலைக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

"அவங்க எழுபத்திரண்டோட அம்மா சார். இங்க எல்லாருக்கும் ஒரே பக்கம்தானே உட்கார இடம், அந்த நாற்பத்து நாலைப் பார்த்து ஆடுன்னு தன் பிள்ளையை எச்சரிச்சே தொண்டை கட்டிப்போச்சு, பாவம்."